தன்னைத் தானே காத்துக்கொண்ட ஓர் எண்

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த நாட்டுப்புறமாக இருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. அதன்பின் அப்பகுதி முழுவதும் தொழிற்சாலைகளின் வரிசையாக மாறிவிட்டது.

அத்தகைய தொழிற்சாலைகளில் உருவாகும் ஒவ்வொரு கைபேசிக்கும் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் பதினான்கு இலக்கங்களே கருவியை அடையாளம் காட்டுவன. பதினைந்தாவது இலக்கம் காவலுக்கு நிற்பது. வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, கிடைக்கும் இலக்கங்களையெல்லாம் கூட்டினால், தொகை பத்தின் மடங்காக வருதல் வேண்டும். வாராவிடில் எண்ணை எழுதியவர் எங்கோ பிழை செய்திருக்கிறார் என்பது தெளிவு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் வகுத்து, 1960-இல் காப்புரிமை பெற்ற முறை இது. எழுதும் கை தவறும், படிக்கும் கண் தவறும் என்பதை உணர்ந்து, எண்ணுக்குள்ளேயே அதற்கான காவலை வைத்தல் இதன் நோக்கம்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செல்லும் சாலை காஞ்சிபுரத்தை அடைகிறது. அங்கு வேகவதி ஆற்றங்கரையில் உள்ளது ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம். அதன் பெருங்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவன் திரைலோக்கியநாதர், அதாவது மூவுலக நாதர். அந்த மூவுலகங்களையும் அளந்து வகுத்துக் கூறும் சமண நூல் ஒன்று, காஞ்சியைப் பல்லவர் ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டு மண்ணிலேயே எழுந்தது. அந்நூல் வழியாக நமக்கு வந்துள்ள ஒரு பேரெண்ணை உலகக் கணித வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்துப் பேசுகின்றனர். அந்த எண் 13,10,72,00,000. ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கோடியே எழுபத்திரண்டு இலட்சம் என்பது அதன் வாசிப்பு. தனியே ஒரு காவல் இலக்கம் தேவையின்றி, தன் இயல்பினாலேயே தன்னைக் காத்துக்கொண்ட எண் அது.

பாடலிகையில் எழுந்த நூல்

நூலின் பெயர் லோகவிபாகம். உலகங்களின் பகுப்பு என்பது பொருள். இதனை முதலில் பிராகிருத மொழியில் இயற்றியவர் சர்வநந்தி முனிவர். பாண ராஷ்டிரத்தில் பாடலிகை என்னும் ஊரில் இருந்து அவர் இந்நூலைச் செய்தார் என்றும், அது காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்றும் நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. சனி, வியாழன், திங்கள் ஆகியவை அன்று நின்ற நிலைகளும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் அந்நாளை கி.பி. 458 ஆகஸ்டு 25 எனக் கணித்துள்ளனர்.

பாடலிகை என்பது இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர் கொள்கை. பாதிரி மரத்தின் வடமொழிப் பெயரே பாடலி. தருமசேனர் என்னும் பெயருடன் திருநாவுக்கரசர் சமணப் பள்ளியில் இருந்ததாகப் பெரியபுராணம் கூறும் பாடலிபுத்திரமும் இதுவே. அப்பள்ளி கல்வியில் எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு லோகவிபாகம் ஒரு சான்று.

இக்குறிப்பால் தமிழக வரலாற்றுக்கும் ஒரு பெரும்பயன் விளைந்தது. பழைய பல்லவரின் செப்பேடுகள் ஆட்சியாண்டையே கூறும். தொடர் ஆண்டைக் கூறுவதில்லை. சக ஆண்டும் ஆட்சியாண்டும் ஒருங்கே கிடைத்த இந்த ஓரிடத்தைக் கொண்டுதான் சிம்மவர்மன் ஏறத்தாழ கி.பி. 436-இல் அரியணை ஏறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டனர். பல்லவர் காலவரிசையை நிலைநிறுத்தும் ஆணிகளுள் ஒன்றை ஒரு சமண முனிவர் அடித்து வைத்துச் சென்றிருக்கிறார்.

சர்வநந்தி முனிவரின் பிராகிருத மூலம் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சிம்மசூரி முனிவர் அதனை வடமொழியில் பெயர்த்தமைத்த வடிவமே எஞ்சியுள்ளது. மகாவீரர் அருளியதைச் சுதர்மர் முதலிய ஆசாரியர் பரம்பரை வழியாகப் பெற்று, மொழியை மாற்றி அமைத்ததாக அவரே கூறுகிறார். நூலின் அளவு 1,536 அனுஷ்டுப் சுலோகம் என்ற கணக்கும் நூலிலேயே உள்ளது. சோலாப்பூர் ஜீவராஜ ஜைன கிரந்தமாலையில் 1962-இல் இது அச்சேறியது. பிற்கால நூல்களின் மேற்கோள்களும் அதில் கலந்துள்ளமையால், எண்ணைச் சொன்ன முறை முழுவதும் மூலத்தில் அவ்வாறே இருந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அந்த எண் சரியானதுதானா என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அவ்வுறுதி எங்கிருந்து வருகிறது என்பதைக் காண முதலில் எண் சொல்லப்பட்ட முறையையும், பின்னர் அது பிறந்த முறையையும் அறிதல் வேண்டும்.

சொல்லால் எழுதிய எண்

லோகவிபாகம் இந்த எண்ணை இலக்கக் குறிகளால் எழுதவில்லை, சொற்களால் எழுதியது. பொருள்களின் பெயரால் எண்ணைக் குறிக்கும் அம்முறைக்குப் பூதசங்கியை என்று பெயர். வானம் வெற்றிடம் ஆதலின் அது சுழி, உருவம் ஒன்று, கண் இரண்டு. ஜினர் என்ற சொல் அம்முறையில் இருபத்துநான்கைக் குறிக்கும் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி இடப்புறமாக இலக்கங்களைச் சொல்லிச் செல்வது மரபு. அதன்படி முதலில் ஐந்து சூனியங்கள் கூறப்படுகின்றன. அவற்றுக்கு மேல் முறையே இரண்டு, ஏழு, வானம், ஒன்று, மூன்று, உருவம் என்னும் சொற்கள் வருகின்றன. வானத்துக்குச் சுழியும் உருவத்துக்கு ஒன்றும் இட்டு வலமிருந்து இடமாக எழுதினால் 13,10,72,00,000 கிடைக்கிறது.

இங்கு நுட்பம் நடுவில் நிற்கும் வானத்தில் உள்ளது. கடைசி ஐந்து சுழிகளையும் இலட்சம் என்ற ஒரு சொல்லால் சொல்லிவிடலாம். நடுவில், கோடியின் இடத்தில் எதுவும் இல்லை. தமிழர் வழங்கிய பழைய எண் எழுத்தில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. அம்முறையில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதற்குரிய குறியை எழுதாமல் விட்டால் போதும்; காலியிடத்தைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும் முறையில் மட்டும், இல்லாத ஒன்றையும் பெயரிட்டுச் சொல்லியாக வேண்டும். நடுவில் வானம் என்று ஒரு சொல்லை வைத்தவர் இடமதிப்பு முறையை முழுமையாக அறிந்தவர்.

இதன் சிறப்பைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஆரியபடரின் ஆரியபடீயம் கி.பி. 499-ஐச் சார்ந்தது. சுழியைக் கொண்டு கூட்டல், கழித்தல் முதலியவற்றைச் செய்யும் விதிகளைப் பிரமகுப்தர் கூறியது 628-இல். கம்போடியாவில் சம்போர் என்னுமிடத்துக் கல்வெட்டு சக ஆண்டு 605-ஐ, அதாவது கி.பி. 683-ஐ, சுழிக்கு ஒரு புள்ளியிட்டுக் காட்டுகிறது. குவாலியர்க் கோயில் கல்வெட்டில் 270, 50 என்னும் எண்கள் சுழியுடன் பொறிக்கப்பட்டது 876-இல். ஐரோப்பியருக்கு இம்முறையை விளக்கிய இலியனார்டோ பிபொனாச்சியின் நூல் வெளிவந்தது 1202-இல். சர்வநந்தி முனிவரின் ஆண்டு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அதனால்தான் சுழியின் வரலாற்றை எழுதுவோர் லோகவிபாகத்தைத் தவிர்த்துச் செல்வதில்லை.

இரட்டிக்கும் வளையங்கள்

இந்த எண் எதை அளக்கிறது? நந்தீசுவர விரதம் நோற்கும் குடும்பத்தார்க்கு இதன் விடை பாதி தெரிந்ததே. நடுவுலகத்தின் மையத்தில் சம்பூத்வீபம் உள்ளது. அதன் விட்டம் ஓர் இலட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்து இலவண சமுத்திரம், அதனைச் சூழ்ந்து தாதகீகண்டம், பின்னர்க் காளோத சமுத்திரம், புஷ்கரவர தீவு எனத் தீவும் கடலும் மாறிமாறி வளையங்களாக அமைகின்றன. ஒவ்வொரு வளையத்தின் அகலமும் அதற்கு முந்தியதைப் போல் இருமடங்கு. ஆகவே இலட்சம் யோசனைக் கணக்கில் அகலங்கள் 1, 2, 4, 8, 16 எனச் செல்கின்றன.

மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் விட்டம் நாற்பத்தைந்து இலட்சம் யோசனை என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்போம். அந்த 45 இந்த வரிசையிலிருந்தே பிறக்கிறது. நடுவே சம்பூத்வீபம் 1. இலவண சமுத்திரம் இருபுறமும் இரண்டிரண்டாக 4, தாதகீகண்டம் 8, காளோதம் 16. புஷ்கரவர தீவின் பாதி, புறத்துக்கு எட்டாக 16. கூட்டினால் 45. கேட்டு நம்பியதை விரல்விட்டு எண்ணியும் உறுதிசெய்யலாம் என்பது இக்கணக்கின் இனிமை.

இரட்டித்தலைத் தொடர்வோம். புஷ்கரவரத்துக்கு அப்பால் வாருணீவரம், க்ஷீரவரம், கிருதவரம், க்ஷௌத்ரவரம் ஆகிய தீவுகளும் அவ்வவற்றின் பெயர் கொண்ட கடல்களும் உள்ளன. பதினைந்தாவது வளையமாக வருவது எட்டாம் தீவாகிய நந்தீசுவரம். பதினான்கு முறை இரட்டித்த நிலையில் அதன் அகலம் 16,384 இலட்சம், அதாவது 163 கோடியே 84 இலட்சம் யோசனை. ஐம்பத்திரண்டு ஜினாலயங்கள் திகழும் அத்தீவின் அளவாக ஆடி, கார்த்திகை, பங்குனி அட்டானிக நாள்களில் ஓதப்படுவது இதுவே. அதன் கடல் 32,768 இலட்சம். அடுத்த அருணவரத் தீவு 65,536 இலட்சம். அதனைச் சூழ்ந்த கடல் பதினெட்டாவது வளையம். அகலம் 1,31,072 இலட்சம். இலட்சத்துக்கு உரிய ஐந்து சுழிகளையும் சேர்த்து எழுதினால் 13,10,72,00,000. லோகவிபாகத்தின் பேரெண் இதுவே. ஒன்றைப் பதினேழு முறை இரட்டித்து, இலட்சத்தால் பெருக்கக் கிடைப்பது இது.

எண்ணின் இயல்புகள்

இவ்வாறு பிறந்த எண்ணுக்குச் சில இயல்புகள் உடன்பிறந்தவை. ஓர் எண்ணை மீதியின்றி எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதைச் சமண ஆசாரியர்கள் அர்த்தச்சேதம் என்றனர். எட்டுக்கு அர்த்தச்சேதம் மூன்று, பதினாறுக்கு நான்கு. 1,31,072-க்கு அது பதினேழு; பதினேழாவது பாதியில் சரியாக ஒன்று எஞ்சும். ஐந்து சுழிகளையும் சேர்த்த முழு எண்ணையோ இருபத்திரண்டு முறை பாதியாக்கலாம். இறுதியில் 3,125 நிற்கும். அது ஐந்தை ஐந்து முறை வைத்துப் பெருக்கிய தொகை. இரண்டும் ஐந்தும் அன்றி வேறு எந்தப் பகா எண்ணும் இந்த எண்ணை வகுக்காது. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 138.

இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது ஆசாரியர் வீரசேனர் தவளா உரையில் ஆளும் விதிகளுள் ஒன்று. 256-க்கு எட்டு, 512-க்கு ஒன்பது. ஆகவே அவற்றின் பெருக்கமாகிய 1,31,072-க்குப் பதினேழு. பெருக்கலைக் கூட்டலாக எளிதாக்கும் இந்தக் கருத்தையே ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை என்ற பெயரில் வெளியிட்டார். தவளா நிறைவுற்றது கி.பி. 816-இல்.

இன்னோர் இயல்பும் உண்டு. எந்த வளையத்தின் அகலமும் அதற்கு முந்திய எல்லா அகலங்களின் கூட்டுத்தொகையைவிட ஓர் இலட்சம் யோசனை மிகுதி. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டு 7, அடுத்தது 8. அவ்வாறே முதல் பதினேழு வளையங்களின் கூட்டு 1,31,071 இலட்சம். பதினெட்டாவது 1,31,072 இலட்சம். அந்த 1,31,071 ஒரு பகா எண். ஒன்றும் தானும் தவிர வேறு எதனாலும் வகுபடாதது. இதனை 1588-இல் இத்தாலிய அறிஞர் பியெத்ரோ கத்தால்தி நிறுவினார். அப்பகா எண்ணை அருணவரத் தீவின் 65,536-ஆல் பெருக்கினால் 8,58,98,69,056 வரும். தன்னை நீக்கித் தன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே திரும்ப வரும் எண்களை நிறைவெண் என்பர். 6, 28, 496 எனத் தொடங்கும் அவ்வரிசையில் ஆறாவது இது.

ஏட்டுப் பிழையும் எண்ணின் சான்றும்

ஓலையில் எழுதி வந்த நாளில் ஒரு நூலின் ஆயுள் எழுதுவோன் கையில் இருந்தது. நூறு, இருநூறு ஆண்டுகளில் ஓலை நைந்துவிடும்; மீண்டும் படியெடுத்தாக வேண்டும். சொல் பிழைத்தால் பொருளை நோக்கித் திருத்தலாம். செய்யுள் பிழைத்தால் தளை காட்டிக்கொடுக்கும். எண் பிழைத்தால் காட்டிக்கொடுப்பது எது? ஓர் இலக்கம் மாறிய எண்ணும் பார்வைக்கு எண்ணாகவே இருக்கும். பெரிய எண்களைச் சொற்களாக்கிச் செய்யுளில் அமைத்ததன் ஒரு பயன் இதுவே. ஒரு சொல் விடுபட்டால் யாப்பு குன்றிப் பிழை தெரிந்துவிடும். இரு சொற்கள் இடம் மாறினால் யாப்பும் சில வேளை ஏமாந்துவிடலாம்.

கணக்காயர்கள் அறிந்த பழைய சோதனை ஒன்பதால் கழிப்பது. இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாக நீக்கி எஞ்சியதைப் பார்ப்பர். 1,31,072-இன் இலக்கக் கூட்டு 14. ஒன்பது போக 5. நடுச்சுழியை மறந்து ஒருவர் 13,172 என்று எழுதிவிட்டால் அதன் கூட்டும் 14. ஏழும் சுழியும் இடம் மாறி 1,31,702 ஆகிவிட்டாலும் அதே 14. இவ்விரு பிழைகளையும் அச்சோதனை கண்டுகொள்ளாது.

பாதியாக்கும் சோதனையோ உடனே பிடித்துவிடும். 13,172-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 3,293 என்னும் ஒற்றைப்படை எண்ணில் நின்றுவிடும். 1,31,702 ஒரே முறையில் 65,851-இல் நின்றுவிடும். பதினேழு முறை பாதியாகி ஒன்றில் சென்று முடிய வேண்டிய எண் வழியில் நின்றுவிட்டால், படியெடுத்தவர் தவறிவிட்டார் என்று பொருள்.

இச்சோதனை எவ்வளவு கடுமையானது என்பதையும் கணக்கிடலாம். ஆறிலக்க எண்கள் மொத்தம் ஒன்பது இலட்சம். அவற்றுள் ஒன்றை இரட்டித்துக்கொண்டே சென்றால் எட்டக்கூடியவை மூன்றே மூன்று: 1,31,072, 2,62,144, 5,24,288. முதலாவது எண் மற்ற இரண்டில் ஒன்றாக மாற வேண்டுமானால் அதன் ஆறு இலக்கங்களும் ஒருங்கே மாறியாக வேண்டும். எந்தக் கைப்பிழையும் அவ்வாறு நேராது. ஓர் இலக்கத்தை விட்டுவிட்டுக் கிடைக்கும் ஐந்திலக்க எண்களிலும் இரட்டிப்பு வரிசையைச் சேர்ந்தது எதுவும் இல்லை. கைபேசி எண்ணுக்குக் காவலாக நிற்கும் பதினைந்தாவது இலக்கமும் எல்லாப் பிழைகளையும் பிடிப்பதில்லை. அடுத்தடுத்து நிற்கும் சுழியும் ஒன்பதும் இடம் மாறினால் அது அறியாது. லோகவிபாகத்தின் எண்ணில் எந்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் ஒளிய இடமில்லை.

மூலநூல் மறைந்தது. மொழி மாறியது. எழுத்து வடிவங்கள் மாறின. ஆட்சிகள் பல வந்து போயின. இத்தனைக்கும் பின் அச்சேறிய நூலில் அந்த எண் ஓர் இலக்கமும் வழுவாமல் நிற்கிறது. நாம் அதை நம்புவதற்குப் படியெடுத்தவரின் நேர்மையை மட்டும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. எண்ணே எழுந்து சாட்சி சொல்கிறது.

இருபத்தொன்பது இலக்க எண்

இரட்டித்தலில் பிறந்த எண்களுள் இதனினும் மிகப் பெரியது ஒன்றும் நம் ஆகமங்களில் உண்டு. இரண்டை வர்க்கமாக்கினால் 4, அதனை வர்க்கமாக்கினால் 16, பின் 256, பின் 65,536. ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. முதல் இரு இலக்கங்களைக் கொண்டு அதற்குப் பாதாலம், அதாவது நாற்பத்திரண்டு, என்று பெயரிட்டனர். பாதாலத்தின் கனமே பரியாப்த மனிதரின் தொகை என்பது ஒரு மரபு. அது 79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள், தொண்ணூற்றாறு அர்த்தச்சேதங்கள்.

கோம்மடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயரின் ஆசாரியர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரத்தில் இந்த எண்ணை எழுத்துகளால் அமைத்தார். மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்க மதிப்பு உண்டு, உயிர்க்கு மதிப்பில்லை. தகரத்தின் மதிப்பாகிய ஆறில் தொடங்கி, ஸகரத்தின் மதிப்பாகிய ஏழில் முடியுமாறு ஒன்றாம் இடம் முதல் இருபத்தொன்பதாம் இடம் வரை ஒரே பிராகிருதச் செய்யுளில் அவர் அடக்கிவிட்டார். ஓர் இலக்கமும் தவறவில்லை என்பதை இன்றும் எவரும் பெருக்கிப் பார்த்து உணரலாம்.

அவருக்கு முன்னரே வீரசேனர் இதே எண்ணை வேறொரு சோதனைக்கு உட்படுத்தியிருந்தார். அவர் உரை கண்ட ஷட்கண்டாகமம் புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்களின் ஆக்கம். அவர்களுள் பூதபலி தமிழ்நாட்டுக்கு எழுந்தருளினார் என்று தவளாவே கூறுகிறது. ஷட்கண்டாகமச் சூத்திரத்தின்படி மனிதர் தொகை கோடியின் நான்காம் அடுக்கைவிடக் குறைவாதல் வேண்டும். அது ஒன்றின்பின் இருபத்தெட்டுச் சுழிகள் கொண்டது. அதற்கும் இலக்கங்கள் இருபத்தொன்பதே. எனினும் மரபில் வந்த எண் அதனினும் பெரிது என்பதை வீரசேனர் கண்டார். நாற்பத்தைந்து இலட்சம் யோசனை விட்டமுள்ள மனித உலகின் பரப்பைக் கணக்கிட்டார். அத்தனை மனிதர் அதில் அடங்கார் என்று காட்டி, அக்கூற்று பொருந்தாது என்றார்.

இங்கு எந்தக் கருத்து வென்றது என்பதைவிட, வாதம் நடந்த முறையே எண்ணத்தக்கது. ஆசாரியர் வழி வந்த எண்ணையும் ஓர் ஆசாரியர் அளந்து பார்த்தார். அளந்தவரை மரபு ஒதுக்கவில்லை. அவர் உரையை மூடபித்திரியில் ஓலைகளில் வைத்துப் போற்றியது. மறுக்கப்பட்ட எண்ணையும் மரபு அழிக்கவில்லை. நேமிசந்திரர் அதனைச் செய்யுளில் காத்தார். நற்காட்சியும் நல்ஞானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இன்றைய நினைவகமும் அன்றைய கடலும்

இரட்டித்தல் இன்று கணினியின் தாய்மொழி. ஒரு கம்பியில் மின்னழுத்தம் உண்டு, இல்லை என்ற இரு நிலைகளால் இரண்டு இடங்களைச் சுட்டலாம், இரண்டு கம்பிகளால் நான்கு, மூன்றால் எட்டு. பதினேழு முகவரிக் கம்பிகள் கொண்ட நினைவகத்தில் சுட்டக்கூடிய இடங்கள் சரியாக 1,31,072. பொறியாளர்கள் 128 கிலோபைட் என்று சுருக்கிச் சொல்வது இந்த எண்ணையே. அருணவரக் கடலின் அகலத்தை இலட்சம் யோசனையில் குறித்த எண்ணும் அதுவே.

நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்று இதனால் சொல்லிவிடுதல் மிகை. அது அவர்களுக்குப் பெருமையும் ஆகாது. அவர்கள் அறிந்தது அதனினும் அடிப்படையானது. சிறியதொரு விதியைப் பலமுறை வழுவாது செய்தால் மனம் எட்டாத அளவையும் எட்டலாம்; அவ்வாறு எட்டியதைப் பின்வருவோர் திரும்ப நடந்து சரிபார்க்கவும் வேண்டும். இன்று ஒரு கருவியின் அடையாள எண்ணைச் சரிபார்ப்பவர் செய்வதும், அன்று பாடலிகைப் பள்ளி மாணாக்கர் வளையங்களை இரட்டித்து எண்ணியிருக்கக்கூடியதும் அடிப்படையில் ஒரே செயல்.

இத்தகைய செல்வம் சிறிய சமுதாயத்திடம் இருக்கும்போது அதனைக் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வரும் அட்டானிகத்தில் நந்தீசுவர பூஜை முடிந்தபின், வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒன்றிலிருந்து தொடங்கி இரட்டிக்கச் சொல்லலாம். ஒன்றை முதல் வரியாக எழுதினால் பதினைந்தாம் வரியில் அவர்கள் நந்தீசுவரத்தை அடைவார்கள். பதினெட்டாம் வரியில் சர்வநந்தி முனிவரின் எண் வந்து நிற்கும். பின்னர் அதனைப் பாதியாக்கிக்கொண்டே திரும்பி வரச் சொல்ல வேண்டும். வழியில் எங்கும் நில்லாமல் ஒன்றில் வந்து சேர்ந்தால், கி.பி. 458-இல் தொடங்கிய ஓர் ஏட்டைப் பிழையின்றிப் படியெடுத்தவர் வரிசையில் அந்தப் பிள்ளையும் ஒருவராகிவிடுவார்.